பார்த்துவிட்டால் போயிற்று வேட்டை: சிறுத்தையும் குரங்கும்

ஐவரி கோஸ்ட் நாட்டின் தென்மேற்கில் டாயி என்றொரு மழைக்காடு இருக்கிறது. 1990களில் டேவிட் ஜென்னி என்ற ஆய்வாளர் அங்கே சில சிறுத்தைகளுக்குக் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி, அவை எங்கே போகின்றன, எவ்வளவு நேரம் எங்கே படுத்திருக்கின்றன என்று பின்தொடர்ந்தார். குரங்குக் கூட்டம் மேய்கிற மரங்களின் அடியில், புதருக்குள் சிறுத்தை அசையாமல் படுத்திருக்கும். மேலே இருக்கும் ஏதாவது ஒரு குரங்கின் கண்ணில் அது பட்டுவிட்டால் கூட்டம் முழுவதும் கத்தத் தொடங்கும். அந்தக் கத்தல் எழுந்த கொஞ்ச நேரத்தில் சிறுத்தை எழுந்து அந்த இடத்தை விட்டுப் போய்விடும். குரங்குகள் மரத்திலேயேதான் இருக்கின்றன, சிறுத்தைக்கு மரம் ஏறவும் தெரியும். இருந்தும் அது போய்விடுகிறது.

ஏன் போகிறது என்பது புரிந்துவிட்டால், பெரும்பூனைகள் குரங்குகளை வேட்டையாடும் விதத்தில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, இப்படி விட்டுவிட்டுப் போகிற விலங்கு எப்படித்தான் குரங்கைப் பிடித்துத் தின்கிறது என்பது. இந்த இரண்டையும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலியையும் சிறுத்தை என்றே நம் செய்திகளில் பல நேரம் எழுதிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் சிறுத்தை என்றால் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கைக் காடுகளிலும் இருக்கிற, உடலெங்கும் பூப்பூவாகப் புள்ளி போட்ட, மரம் ஏறும் சிறுத்தைதான். ஆப்பிரிக்காவிலிருந்து ரஷ்யாவின் கிழக்கு ஓரம் வரை பரவியிருக்கும் இனம் அது. குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், தேவாங்குகள், மனிதர்கள் எல்லாரும் அடங்கிய விலங்குக் குடும்பத்தை முதனிகள் என்பார்கள். பெரும்பூனைகளில் முதனிகளை அதிகம் வேட்டையாடுவது சிறுத்தைதான். புலியும் சிங்கமும் ஜாகுவாரும் பிடிப்பதுண்டு. ஆனால் குரங்கைப் பிடிப்பதற்குத் தோதான உடல் என்று பார்த்தால் சிறுத்தைக்கு நிகர் அவற்றில் வேறெதுவும் இல்லை.

அந்த உடலைக் கொஞ்சம் பாருங்கள். தோளும் மார்பும் அகன்றவை. தன் எடைக்குச் சமமான இரையைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். நகங்கள் உறைக்குள் மடங்கியிருப்பதால் நடக்கும்போது சத்தம் வராது. கண்ணுக்குப் பின்புறம் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இரவில் வண்டி வெளிச்சம் பட்டதும் பூனையின் கண் பளிச்சென்று மின்னுவதற்குக் காரணம் அதுதான். உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தை இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது.

ஆனால் இந்த உடலுக்கு நீண்ட ஓட்டம் ஒத்துவராது. ஓநாயும் செந்நாயும் இரையைத் துரத்தித் துரத்திக் களைக்க வைக்கும். பூனைகளின் வழி வேறு. எவ்வளவு அருகில் போக முடியுமோ அவ்வளவு அருகில் பம்மிப் போய், கடைசிச் சில தாவல்களில் முடித்துவிட வேண்டும். புலி பதுங்குவது பாயத்தான் என்கிறோம். அந்தப் பதுங்கல் நடுவிலேயே அம்பலமாகிவிட்டால் பாய்ச்சலுக்கு வேலையே இல்லை. கண்டுகொண்ட குரங்கு இரண்டு நொடியில் உச்சிக்கிளைக்குப் போய்விடும். 40, 50 கிலோ எடையுள்ள சிறுத்தை மரம் ஏறலாம், ஆனால் 5 கிலோ குரங்கைத் தாங்கும் நுனிக்கிளை அதைத் தாங்காது. குரங்கு அங்கிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிவிடும், சிறுத்தை கீழே இறங்கி மறுபடி ஏற வேண்டும். டாயி சிறுத்தை எழுந்து போனதற்குக் காரணம் இதுதான். அதைப் பார்த்தாகிவிட்டது என்று கத்தல் சொல்லிவிடுகிறது. இனி அங்கே படுத்திருப்பது வீண்.

அதனால் குரங்கின் கத்தலைக் கூட்டத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் சரி. அது சிறுத்தைக்கும் சொல்லப்படுகிறது. டாயி காட்டின் டயானா குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கிளவுஸ் சூபர்பியூலர் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். அவர் ஒலிபெருக்கி வழியாகச் சிறுத்தையின் உறுமலைக் கேட்க வைத்தபோது குரங்குகள் உரத்துக் கத்தின. சிம்பன்சியின் குரலையோ மனிதக் குரலையோ கேட்க வைத்தபோது வாயை மூடிக்கொண்டு இலைகளுக்குள் ஒளிந்தன. சிம்பன்சி கிளைக்குக் கிளை துரத்தி வந்து குரங்கைப் பிடிக்கும். மனிதனிடம் துப்பாக்கி இருக்கும். அவர்களிடம் ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்று கத்தினால் தன் இடத்தைக் காட்டிக்கொடுத்த கதையாகிவிடும். எதிரி எப்படி வேட்டையாடுகிறான் என்பதைப் பொறுத்துக் குரங்கின் பதில் மாறுகிறது. எனக்கு இந்த ஆய்வைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

கத்தலில் இன்னொரு நுட்பமும் உண்டு. கென்யாவின் அம்போசெலியில் வெர்வெட் குரங்குகளை ஆராய்ந்த ராபர்ட் சேஃபார்த், டோரதி செனி, பீட்டர் மார்லர் மூவரும் 1980இல் வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு வேறு குரல், பாம்புக்கு இன்னொன்று. பதிவுசெய்த குரலை மட்டும் கேட்க வைத்தாலே போதும். சிறுத்தைக் குரலுக்கு மரம் ஏறின. கழுகுக் குரலுக்கு வானத்தைப் பார்த்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்காலில் எழுந்து நின்று புல்லைத் துழாவிப் பார்த்தன. கழுகு வரும்போது மரத்து உச்சிக்கு ஓடினால் அதன் நகத்தில்தான் போய் விழ வேண்டும். சிறுத்தை வரும்போது புதருக்குள் ஓடினால் அதன் வாய்க்கே போவது போல. எது வருகிறது என்று சொல்லாத எச்சரிக்கையால் குரங்குக்குப் பயனில்லை.

நம்மூர்க் காட்டில் இதைக் கேட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். ஒருமுறை மசினகுடிப் பக்கம் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது மரத்து மேலிருந்து கருமுக மந்தியின் குரல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து இருமுவது போல, விட்டு விட்டு. ஓட்டுநர் உடனே வண்டியை அணைத்தார். கீழே புள்ளிமான்கள் எல்லாம் கழுத்தை ஒரே பக்கம் திருப்பி நின்றன. நாங்கள் அன்று எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த மந்தி எதையோ பார்த்திருந்தது என்பதில் எங்கள் யாருக்கும் ஐயம் இல்லை.

மந்தியும் மானும் ஒன்றாக மேய்வதற்கு இலை ஒரு காரணம். மந்தி தின்றது போக உதிர்க்கும் இலையும் காயும் மானுக்குக் கிடைக்கும். இன்னொரு காரணம் கண். மானின் கண்ணுக்கு இரண்டு வகை நிற உணர்விகள்தான், செம்மஞ்சளையும் பச்சையையும் பிரித்தறிவது அதற்குக் கடினம். நமக்குப் பளீரென்று தெரியும் புலி, மானுக்குப் புதரோடு புதராகத் தெரிகிறது. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நம்மைப் போலவே மூன்று வகை உணர்விகள். அவற்றின் கண்ணுக்குப் புலி நிறத்தோடுதான் தெரியும். மந்தியோ உயரத்தில் வேறு உட்கார்ந்திருக்கிறது. பதிலுக்கு மானின் மூக்கும் காதும் மந்திக்குத் துணை.

முதுமலையிலும் களக்காடு முண்டந்துறையிலும் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ரிச்சர்ட் காஸ், உமா ராமகிருஷ்ணன் இருவரும் சகாக்களோடு சேர்ந்து நாட்டுக்குரங்குகளுக்குச் சிறுத்தைப் பொம்மைகளைக் காட்டிப் பார்த்தார்கள். முழு உருவம் இல்லை, புதருக்குப் பின்னாலிருந்து முன்பாதி மட்டும் அல்லது பின்பாதி மட்டும். ஒரு பொம்மை புள்ளிச் சிறுத்தை, இன்னொன்று கருஞ்சிறுத்தை. புள்ளி தெரிந்தால் முன்பாதியானாலும் பின்பாதியானாலும் குரங்குகள் மிரண்டன. கருஞ்சிறுத்தையின் முகம் தெரிந்தபோதும் புரிந்துகொண்டன. அதன் கறுத்த பின்பாதி மட்டும் தெரிந்தபோது கண்டுகொள்ளவே இல்லை. குரங்கு தேடுவது ‘பெரிய விலங்கு’ என்ற பொதுவான உருவத்தை மட்டுமல்ல, அந்தப் புள்ளிக் கோலத்தைத்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. இலை நிழலோடு கலந்து சிறுத்தையை மறைக்கும் அதே புள்ளி, குரங்கின் கண்ணுக்கு அடையாளச் சீட்டாகவும் ஆகிவிட்டது. ஒருவர் மறைய மறைய இன்னொருவர் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட நெடிய காலம் அதற்குள் இருக்கிறது.

சரி, இவ்வளவு காவல் இருந்தும் சிறுத்தையின் எச்சத்தில் குரங்கு முடியும் எலும்பும் கிடைக்கிறதே, எப்படி?

முதல் வழி, தரையில் பிடிப்பது. மரத்தில் வாழும் குரங்கும் ஏதாவதொரு வேளையில் இறங்கியே ஆக வேண்டும். விழுந்த பழம், தண்ணீர், மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. தாவ முடியாத அந்த இடைவெளியில் குரங்கு நான்கு கால் விலங்குகளில் ஒன்று, அவ்வளவுதான். அதன் வேகம் சிறுத்தையின் கடைசித் தாவலுக்கு முன்னால் எடுபடாது. கூட்டத்தின் ஓரத்தில் பிந்தி வருவதும், தனியாகப் போகும் ஆணும், விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் குட்டியும் சிக்கும். இரை சிறியதாக இருந்தால் சிறுத்தை கழுத்தை நெரித்துக்கொண்டிருக்காது, பிடரியிலோ மண்டையிலோ ஒரே கடிதான். மரத்தில் ஏறிப் பாய்வது போல மிரட்டினால் குழம்பிப் போன குரங்குகள் சில கீழே குதித்துவிடும், சிறுத்தை இறங்கி அவற்றைப் பிடிக்கும் என்றும் காட்டில் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். மரத்திலேயே பிடிப்பதும் நடக்கிறது, ஆனால் அதற்குக் கிளை அமைப்பும் அதிர்ஷ்டமும் கூடி வர வேண்டும்.

இரண்டாவது வழி இரவு. இது பற்றித்தான் நெடுங்காலம் நம் அறிவில் பெரிய ஓட்டை இருந்தது. குரங்குகளை ஆராய்பவர்கள் பகலில் கூட்டத்தோடு நடப்பார்கள். மனிதர்கள் கூடவே இருந்தால் சிறுத்தை அண்டாது. மாலையானால் ஆய்வாளர்கள் முகாமுக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம் என்ன நடக்கிறது என்பதற்குக் காலையில் கூட்டத்தை எண்ணும்போது ஒன்று குறைவது மட்டும்தான் சாட்சி.

கென்யாவின் லைக்கிப்பியா பகுதியில் லின் இஸ்பெல் குழுவினர் ஆட்களை அனுப்பாமலே இதைப் பார்க்க வழி செய்தார்கள். சிறுத்தை, வெர்வெட் குரங்கு, பபூன் என்ற பெரிய குரங்கு மூன்றுக்கும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை மாட்டினார்கள். 14 மாதம் மூன்றின் தடங்களையும் ஒரே நேரக் கணக்கில் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளிவந்த முடிவு இதுதான்: சிறுத்தைகள் வெர்வெட் குரங்குகளைப் பகலில் கொன்றன, பபூன்களை இரவில் கொன்றன. உடல் சிறியதாக இருந்தால் ஆபத்து அதிகம், கூட்டம் சிறியதாக இருந்தால் ஆபத்து அதிகம் என்று பலகாலமாகச் சொல்லிவந்த கணக்குகள் அங்கே பொருந்தவில்லை.

பகலில் பபூனை நெருங்கச் சிறுத்தை ஏன் தயங்குகிறது? வளர்ந்த ஆண் பபூன் 25 கிலோவைத் தாண்டும், அதன் கோரைப்பல் அச்சமூட்டும் நீளம் கொண்டது. ஒன்று கத்தினால் பல ஆண்கள் ஓடிவரும். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் 2023இல் சாலை ஓரம் ஒரு சிறுத்தை பபூன் கூட்டத்தின் மேல் பாய்ந்து, கூட்டமே திரும்பி மேலே விழுந்து புரட்டியெடுக்க, அது தப்பித்தால் போதும் என்று ஓடிய காணொளியை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். தனியாக வேட்டையாடும் விலங்குக்குக் காயம் பட்டால் பட்டினிதான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக அந்த ஆபத்தில் இறங்குவது அதற்குக் கட்டுப்படியாகாது.

இருட்டிவிட்டால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குரங்குகளுக்கும் பபூன்களுக்கும் சிறுத்தைக்கு இருக்கும் அந்த ஒளிப்படலம் கிடையாது. (நம்மூர்த் தேவாங்குக்கு உண்டு. அது இரவில் உலவும் முதனி, அதன் கதை தனிக்கதை.) பகலில் கூர்மையாக இருந்த கண் இரவில் நம் கண்ணைப் போலவே தடுமாறும். எதிரி எங்கே என்று தெரியாமல் கூட்டம் சேர்ந்து தாக்க முடியாது, ஓடவும் முடியாது. பாட்ஸ்வானாவின் மொரேமிக் காட்டிலும் சிறுத்தைகள் பபூன்களை அவை உறங்கும் மரங்களில் இரவில் தாக்கியது பதிவாகியிருக்கிறது. வெர்வெட் போன்ற சிறிய குரங்குக்கு இரவில் ஓர் ஆறுதல், மெல்லிய கிளை நுனியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சிறுத்தை ஏறினால் கிளை முதலில் ஆடும்.

மற்றப் பூனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புலி கனத்த விலங்கு, மரம் ஏறுவது அதற்குப் பாடு. மந்தி தரைக்கு வந்தால்தான் அதன் கைக்கு எட்டும். சிங்கமும் அப்படியே, வெட்டவெளியில் அகப்படும் பபூன்கள்தான் அதற்கு. போர்னியோவில் படைச்சிறுத்தை என்ற வேறொரு பூனை தும்பிக்கைக் குரங்கைப் பிடிப்பது பதிவாகியிருக்கிறது. பின்னங்கால் மூட்டைத் திருப்பித் தலைகீழாக மரம் இறங்கக்கூடிய பூனை அது. பிரேசிலின் மாமிராவா வெள்ளக்காட்டில் ஜாகுவார்கள் செய்வது இன்னும் விசித்திரம். ஆண்டில் மூன்று நான்கு மாதம் காடு முழுவதும் தண்ணீரில் மூழ்கிவிட, அந்த மாதங்களை மரத்திலேயே கழிக்கின்றன. அப்போது ஊளைக் குரங்குகளும் மரத்தில் மெல்ல அசையும் ஸ்லாத்துகளும் அவற்றுக்கு இரை.

உடல் பெரிதாகிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் இல்லை. டாயி காட்டில் சிறுத்தைகள் சிம்பன்சிகளைத் தாக்கியதை கிறிஸ்டோஃப் போஷ் பதிவு செய்திருக்கிறார். தான்சானியாவின் மஹாலேயில் 1989 வாக்கில் சிங்கங்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் எச்சத்தில் சிம்பன்சியின் முடியும் எலும்பும் கிடைத்தன. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் சிறுத்தை கொரில்லாவைத் தின்றதற்கும் சான்று உண்டு.

இந்த வரிசையில் நம் உறவினரும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் அருகே ஸ்வார்ட்க்ரான்ஸ் என்ற குகையில் 1949இல் ஒரு மண்டையோட்டுத் துண்டு கிடைத்தது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. பராந்த்ரோபஸ் என்ற, இப்போது அழிந்துபோன, மனிதனுக்கு நெருங்கிய இனத்தைச் சேர்ந்த சிறார் ஒருவருடையது. அதில் அருகருகே இரண்டு துளைகள். இன்னொரு மனித இனத்தார் ஆயுதத்தால் அடித்ததால் வந்தவை என்றுகூட ஒரு காலத்தில் எண்ணினார்கள். பாப் பிரெய்ன் என்ற ஆய்வாளர் அதே குகையில் கிடைத்த புதைபடிவச் சிறுத்தையின் கீழ்த்தாடையை எடுத்து அந்தத் துளைகளில் வைத்துப் பார்த்தார். இரண்டு கோரைப்பற்களும் பொருந்தின. சிறுத்தை அந்தப் பிள்ளையைத் தலையில் கவ்வி, குகை வாயிலில் நின்ற மரத்துக்கு இழுத்துப் போய்த் தின்றிருக்கும், எலும்புகள் கீழே குகைக்குள் விழுந்திருக்கும் என்பது அவர் விளக்கம். அந்த வெட்டவெளிப் பகுதியில் நிழலும் ஈரமும் இருந்ததால் குகை வாயைச் சுற்றித்தான் மரங்கள் வளர்ந்தன, சிறுத்தை இரையை ஏற்றி வைப்பதும் அந்த மரங்களில்தான்.

அதே பகுதிக் குகைகளில் இன்றைக்கும் குளிர் இரவுகளில் பபூன்கள் வந்து தங்குவதுண்டு. பிரெய்ன் ஒருநாள் அப்படியொரு குகைக்குள் முன்னதாகவே போய் ஒளிந்துகொண்டார். பொழுது சாய்ந்ததும் பபூன்கள் உள்ளே வந்து பாறை விளிம்புகளில் அமர்ந்து உறங்கத் தொடங்கின. நன்றாக இருட்டிய பிறகு அவர் எழுந்து தன்னைக் காட்டினார். குகைக்குள் பெரும் அலறல், தள்ளுமுள்ளு. ஆள் உள்ளேயே நிற்கிறான், குகை வாயும் திறந்திருக்கிறது. ஆனாலும் வெளியே இருட்டுக்குள் போகப் பபூன்கள் ஒப்பவில்லை.